கை நீட்டியதே இல்லை, ஆனால் ஏடிஎம் கார்டு அவரிடம்: இதைக் குடும்ப வன்முறை என்று சொல்லலாமா?

குடியாத்தம் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு தங்கச்சிக்காகக் கேட்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பேரணாம்பட்டுப் பக்கம் வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். சம்பளம் அவள் பெயரில் இருக்கிற கணக்குக்குத்தான் போகிறது. ஆனால் கணக்கில் கொடுத்திருப்பது புருஷனுடைய போன் நம்பர். சம்பளம் ஏறியதும் மெசேஜ் அவருக்குப் போகும். கார்டும் அவரிடம்தான், அன்றைக்கே எடுத்துவிடுவார். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் அதே வழியில் போய்விடும். இவள் கைக்கு வருவது காலையில் அவர் கொடுக்கிற இருபது ரூபாய். அதற்கும் சாயங்காலம் கணக்குச் சொல்ல வேண்டும்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் வரும். பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போனைச் சுற்றிக் காட்டச் சொல்வார். வேலை நேரத்தில் உள்ளே போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் கூப்பிட்டு இவள் எடுக்கவில்லை என்றால் ராத்திரி தூக்கம் கிடையாது, விடிய விடியக் கேள்விதான். வேன் பத்து நிமிஷம் லேட்டானாலும் இதே கதை. அம்மா வீட்டுக்குப் போய்வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது நின்றே போய்விட்டது.

ஆனால் இதுவரை கை நீட்டியதில்லை. குடிப்பழக்கம் இல்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவளே என்னிடம், "அடி வாங்கறவங்கள பாத்தா நான் நல்லாதான்க்கா கீறேன்" என்கிறாள். சொல்லிவிட்டு அழுகிறாள்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? வெளியே சொன்னால் யாராவது காது கொடுத்துக் கேட்பார்களா?

பாலாறு

அம்மா, தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இந்த மாவட்டத்தில் நிறைய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் அடிபடுகிற வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் டாஸ்மாக்தான் காரணம். நீங்கள் சொல்கிற ஆள் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, சம்பளத்தைச் சூதாட்டத்தில் விடுவதாகவும் தெரியவில்லை. சந்தேக புத்தி இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும். இதற்கு வன்முறை என்று பெரிய பெயர் வைத்தால் உள்ள குடும்பமும் போய்விடும்.

ராணிப்பேட்டை களப்பணி

பாலாறு ஐயா, நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் குடிதான் காரணம் என்பதில் நான் ஒத்துப்போக மாட்டேன். குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களைப் போய்ப் பார்க்கிற களப்பணியில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குடி, அடியின் வேகத்தைக் கூட்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'இவள் என் சொல்லுக்குள் இருக்க வேண்டும்' என்ற எண்ணம் பாட்டிலிலிருந்து வருவதில்லை. வாலாஜா பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முந்தின நாள் குடித்துவிட்டு வந்து சாமான்களை உடைத்திருந்தார். "போதையில் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது" என்று அவருடைய அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்து கிடந்தது அந்தப் பெண்ணின் தையல் மிஷின். குழு லோனில் வாங்கியது. அதன் கை சக்கரத்தைக் கழற்றிக் கிணற்றில் போட்டிருக்கிறார். அவருடைய டிவி சுவரில் அப்படியே இருந்தது, வாசலில் பைக்கும் நின்றது. என்ன செய்கிறோம் என்று தெரியாதவர் இப்படிப் பார்த்துப் பார்த்து உடைக்க மாட்டார். அவள் கையில் தனியாகக் காசு வருகிற ஒரே வழி அந்த மிஷின்தான்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்று ஒரு ஊர். 1980களின் தொடக்கத்தில் அங்கே எல்லன் பென்ஸ், மைக்கேல் பேமார் போன்றவர்கள் ஒரு திட்டத்தில் வேலை செய்தார்கள். அடிபட்ட பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, வீட்டில் தினமும் என்னதான் நடக்கிறது என்று கேட்டார்கள். பெண்கள் சொன்னதில் அடி ஒரு பகுதிதான். மீதி எல்லாம் பணம், எங்கே போகலாம், யாரோடு பேசலாம், பிள்ளைகளை வைத்து மிரட்டுவது, 'நீ சொல்வதை எவன் நம்புவான்' என்பது மாதிரியான விஷயங்கள். இதை வைத்து 1984இல் ஒரு சக்கரம் வரைந்தார்கள். நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும். அதிலிருந்து எட்டு ஆரங்கள்: மிரட்டும் பார்வையும் செய்கையும், மனதை நோகடிப்பது, உறவுகளிடமிருந்து பிரிப்பது, நடந்ததைச் சின்னதாக்கிப் பழியைத் திருப்புவது, பிள்ளைகளைப் பயன்படுத்துவது, ஆம்பளை என்ற அதிகாரம், பணத்தைப் பிடித்துவைப்பது, 'செத்துடுவேன், கொன்னுடுவேன்' வகை மிரட்டல். அடியும் பாலியல் வன்முறையும் வெளி வளையம். ஆரங்களையெல்லாம் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த வளையம்தான்.

அந்த வளையத்தை எப்போதும் சுழற்ற வேண்டியதில்லை. ஒரு தடவை நடந்தால் போதும். சில வீடுகளில் நடக்கும் என்ற பயமே போதும். அதற்கப்புறம் ஒரு பார்வை, ஒரு இருமல், வண்டியை நிறுத்துகிற சத்தத்தில் ஒரு வித்தியாசம், இவற்றிலேயே வேலை நடந்துவிடும். அதனால் "எப்ப கடைசியா அடிச்சார்?" என்பதை நான் முதல் கேள்வியாகக் கேட்பதில்லை. "அவருக்குப் பிடிக்காததைச் செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். பதில் சொல்வதற்கு முன் அந்தப் பெண் வாசல் பக்கம் பார்க்கிறாளா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். இருபது ரூபாய்க்குக் கணக்கு, சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால், அம்மா வீட்டுப் போக்கு நின்றது, இரவு முழுக்கத் தூங்கவிடாமல் விசாரணை. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லலாம், சொல்வார்கள். சேர்த்துப் பார்த்தால், இவள் அவரைக் கேட்காமல் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. எவன் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பெண்ணின் உடம்பில் பட்ட காயத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பறிபோன சுதந்திரம் கணக்கில் வராது என்பதுதான் அவர் வாதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015இல் கொண்டுவந்த சட்டம், அடி இல்லாமலே இப்படித் தொடர்ந்து கட்டுப்படுத்துவதைக் குற்றமாக்கியது.

சத்துவாச்சாரி வக்கீல்

களப்பணி மேடம் சொன்னதோடு இந்த நாட்டுச் சட்டத்தையும் சேர்க்கிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம்மிடமே இருக்கிறது.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3ஆம் பிரிவு உடல், பாலியல், சொல்லாலும் மனதாலும் செய்வது, பொருளாதாரம் என்று நான்கு வகை வன்முறையைச் சொல்கிறது. பெண்ணுக்கு உரிமையான பணத்தை அவள் எடுக்க முடியாமல் செய்வது, சீதனத்தை விற்பது, வீட்டுச் செலவுக்குத் தராமல் இருப்பது எல்லாம் பொருளாதார வன்முறை. குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவதும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆக, கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம், இது குடும்ப வன்முறைதான். கை நீட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

'கேஸ் போட்டால் டைவர்ஸ்தான், புருஷன் ஜெயிலுக்குப் போவார்' என்று பலரும் பயப்படுகிறார்கள். இந்தச் சட்டத்தில் கேட்பது பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, பணம், பிள்ளைகள் பொறுப்பு, நஷ்டஈடு. விவாகரத்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மாஜிஸ்திரேட் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் தண்டனை, ஓராண்டு வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு, அது வேறு. அது கிரிமினல் வழக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுகிறார்கள்.

60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். அதனால் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஆற்காடு மணி

எல்லாம் சரி. ஆனால் சம்பளத்தை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிட்டு டீக்குக் காசு கேட்கிற ஆண்களும் இருக்கிறார்கள். கோபத்தில் தட்டு வீசுகிற மனைவிகளும் இருக்கிறார்கள். அந்தச் சக்கரத்தில் அவர்களுக்கு இடம் உண்டா? சண்டை போடாத குடும்பம் எது? எல்லாவற்றையும் வன்முறைக் கணக்கில் எழுதினால் எப்படி?

ராணிப்பேட்டை களப்பணி

நியாயமான கேள்வி, மணி அண்ணா. ஆண்களும் வீட்டில் கஷ்டப்படுகிறார்கள், அதை யாரும் சிரித்துத் தள்ளக் கூடாது. எல்லாச் சண்டையும் ஒன்றல்ல என்பதும் உண்மை. மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் 1995இலேயே இதைப் பிரித்துக் காட்டினார். ஒரு வகை, ஏதோ ஒரு வாக்குவாதம் கைமீறிப் போவது. அது இரு பக்கத்திலிருந்தும் வரும், சண்டை ஓய்ந்ததும் இருவரும் தங்கள் பாட்டுக்கு இருப்பார்கள். இன்னொரு வகை, ஒருவர் மற்றவரின் வாழ்க்கை முழுவதையும் பிடித்து வைத்திருப்பது. இதில் பெரும்பாலும் பிடித்திருப்பது ஆண்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சத்தம்தான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. சண்டை முடிந்த மறுநாள் யார் பயந்துகொண்டு நடமாடுகிறார்கள்? தட்டு வீசிய மனைவியின் கணவர் அடுத்த நாள் நண்பரைப் பார்க்கப் போகத் தயங்குகிறாரா? சம்பளத்தைக் கொடுக்கிற கணவர், இந்த மாதம் கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? அங்கேயும் பயம்தான் பதில் என்றால் அதுவும் கட்டுப்பாடுதான். இல்லை, 'ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்' என்றால் அது வேறு விஷயம்.

இலை தூள்

நான் பீடி சுற்றுகிறவள். தம்பி பையன்தான் டைப் பண்ணிக் கொடுக்கிறான். எல்லாரும் புருஷனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் சாவி மாமியார் இடுப்பில். ஆயிரம் பீடி சுற்றினால் கூலி வருகிறது, அதை வாங்கிக்கொண்டு வருவது மாமியார். இலை எத்தனை கட்டு, தூள் எவ்வளவு, எத்தனை பீடி கழிவு போனது என்று எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். என் பெயரில் இருக்கிற பீடி பாஸ் புத்தகத்தைக் கூட நான் பார்த்து வருஷமாகிறது. புருஷன் வாய் திறக்க மாட்டார். "எங்க அம்மாவ கேளு" என்பார். ஒரு தடவை உடம்பு முடியாமல் சுற்றவில்லை, அன்றைக்குச் சோறு போடவில்லை. அப்படி இருந்தால் சட்டம் மாமியார்மேல் வருமா?

சத்துவாச்சாரி வக்கீல்

வரும் அம்மா. முதலில் சட்டத்தில் எதிர்மனுதாரர், அதாவது யார்மேல் மனு போடுகிறோமோ அவர், 'வயது வந்த ஆண்' என்று இருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களை நீக்கிவிட்டது. இப்போது மாமியார், நாத்தனார் மேலும் மனு போடலாம். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது, அதனால் நீங்கள் வெளியே போங்கள் என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம். மாமனார், மாமியாருக்குச் சொந்தமான வீடும் நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால் அங்கே குடியிருக்கக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ராணிப்பேட்டை களப்பணி

அக்கா, நீங்கள் சொன்னது முக்கியமானது. டுலூத் சக்கரத்தில் கணவன், மனைவி இருவர்தான். நம் ஊரில் கூட்டுக் குடும்பம், சாதி, சீர்வரிசை என்று அந்த ஆரங்களைப் பிடிக்க இன்னும் பல கைகள் இருக்கின்றன. சாதி மாறிக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குத் திரும்பிப்போக அம்மா வீடே இருக்காது. அதைத் தெரிந்தே மிரட்டுவார்கள். சோறு போடாமல் இருந்ததை எழுதி வையுங்கள், தேதியோடு. தம்பி பையனிடமே சொல்லி எழுதச் சொல்லுங்கள், அந்த நோட்டு உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

குடியாத்தம் பொண்ணு

எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் திடீரென்று, "திங்கக்கெழம பேங்குக்குப் போய் நம்பர மாத்திட்டு வந்துடறேன், கார்ட பிடுங்கிடறேன்" என்கிறாள். எனக்கு ஒரே சந்தோஷம். நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போகலாம் என்று இருக்கிறேன்.

ராணிப்பேட்டை களப்பணி

கொஞ்சம் பொறுங்கள். இதை உடனே படியுங்கள், தயவுசெய்து.

நம்பரை மாற்றிய அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த சம்பள நாளில் மெசேஜ் வராதபோது உறுதியாகிவிடும். கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கு அது கைநழுவுகிறது என்று தெரிகிற நேரம்தான் மிகவும் ஆபத்தானது. இதுவரை கை நீட்டாதவர் என்பதை வைத்து அன்றைக்கும் நீட்ட மாட்டார் என்று கணக்குப் போடக் கூடாது. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் பேராசிரியை, கொலை செய்யப்பட்ட பெண்களின் வழக்குகளை ஆராய்ந்தார். பிரிந்து போகிற காலம், கணவன் மிக அதிகமாகக் கட்டுப்படுத்துகிறவனாக இருப்பது, கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், எப்போதாவது கழுத்தை நெரித்திருப்பது, இவையெல்லாம் உயிராபத்தைக் கூட்டும் அறிகுறிகள் என்று அவர் வேலை காட்டியது. அந்தத் தங்கச்சியிடம் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள், கழுத்தில் எப்போதாவது கை வைத்திருக்கிறாரா என்று. 'சும்மா பிடித்தார்' என்றாலும் எனக்குச் சொல்லுங்கள். தழும்பு இல்லாததால் பெண்கள் அதை அடி என்றே எண்ணுவதில்லை.

அதனால் வரிசையை மாற்றுவோம். முதலில் ஆதார், குடும்ப அட்டை, கம்பெனி அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், இவற்றின் நகல்கள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். போனில் வாட்சப் திறந்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வேறு எதிலாவது ஓடிக்கொண்டிருந்தால் அவள் பேசுவதெல்லாம் அவருக்குத் தெரிகிறது என்று அர்த்தம். அதையும் உடனே துண்டிக்க வேண்டாம், அந்தப் போனில் இந்த விஷயம் பேசாமல் இருந்தால் போதும். இந்த இழையையும் அவள் போனில் திறக்க வேண்டாம், நீங்களே படித்துக் காட்டுங்கள். பேசுவதற்குக் கம்பெனியில் கூட வேலை செய்கிற ஒருவருடைய போனை, இடைவேளையில் பயன்படுத்தட்டும். 181 மகளிர் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்கலாம், மருத்துவ, சட்ட உதவியும் அங்கேயே கேட்கலாம்.

எப்போது, எங்கே போய்த் தங்குவது என்பது முடிவான பிறகு வங்கி. அவசரப்படுத்தாதீர்கள். அவர் இத்தனை நாள் எல்லாவற்றையும் அவளுக்காக முடிவு பண்ணினார். நாமும் நல்லது என்று நினைத்து அதையே செய்துவிடக் கூடாது. எந்த நாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், அவர் மனநிலை அவளைப் போல் நம்மில் யாருக்கும் தெரியாது.

வாணியம்பாடி வாசகர்

பாலாறு ஐயா சொன்ன மாதிரி பெரியவர்களை வைத்துப் பேசினால் என்ன? எங்கள் பக்கம் ஜமாத்தில் எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை களப்பணி

வாய்த் தகராறு, செலவுத் தகராறு என்றால் பேசிப் பார்க்கலாம். பயம் இருக்கிற இடத்தில் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள். சொன்னால் ராத்திரி அதே வீட்டுக்குத்தானே போக வேண்டும். பெரியவர்கள் உதவ நினைத்தால் முதலில் அவளை மட்டும், வீட்டு ஆள் யாரும் இல்லாமல், ஒரு பெண் வழியாகக் கேட்கட்டும். மகளிர் காவல் நிலையத்திலும் 'கூப்பிட்டுப் பேசி அனுப்பினோம்' என்று முடித்துவிடுவது உண்டு. அப்படியானாலும் மனு ரசீது வாங்காமல் வரக் கூடாது. பிறகு கோர்ட்டில் அந்த ஒரு தாள் பெரிய உதவி.

குடியாத்தம் பொண்ணு

நல்லவேளை, திங்கட்கிழமைக்கு முன்பே படித்தேன். கழுத்து விஷயம் கேட்டேன். ஒரு தடவை என்றாள். இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவே இல்லை. களப்பணி அக்காவுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. வீடு வேலூர் மாவட்டம், வேலை திருப்பத்தூர் மாவட்டம். எங்கே மனு கொடுப்பது? அவள் வேலூர் சத்துவாச்சாரி வரை வருவதென்றால் ஒரு நாள் லீவு போட வேண்டும், லீவு போட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

சத்துவாச்சாரி வக்கீல்

2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததிலிருந்து இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு. 27ஆம் பிரிவின்படி அவள் குடியிருக்கிற இடத்திலோ, தற்காலிகமாகத் தங்கியிருக்கிற இடத்திலோ, வேலை செய்கிற இடத்திலோ மனு போடலாம். ஆம்பூர் எல்லையிலேயே போடலாம் என்று அர்த்தம். பாதுகாப்பு அலுவலர் சமூக நலத்துறையின் கீழ் வருகிறார், ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். வக்கீல் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

பாலாறு

எல்லாவற்றையும் படித்தேன். பெரியவர்கள் பேசுவதால் பயனே இல்லை என்பதை நான் இன்னமும் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கழுத்து விஷயம் மனதை என்னவோ செய்கிறது. எங்கள் தெருவிலும் ஒரு வீடு இருக்கிறது. அந்தப் பெண் வாசலுக்குக் கோலம் போட வருவதோடு சரி, கடைக்குக்கூட அனுப்புவதில்லை. நான் உறவும் இல்லை, சம்பந்தமும் இல்லை. என்னைப் போல மூன்றாவது ஆள் சொன்னால் எடுத்துக்கொள்வார்களா? நாளைக்கு என்மேல் ஏதாவது வந்துவிடுமா?

சத்துவாச்சாரி வக்கீல்

எடுத்துக்கொள்வார்கள் ஐயா. 4ஆம் பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. வன்முறை நடக்கிறது, நடந்தது அல்லது நடக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வராது. ஆனால் அதற்கு முன் உங்கள் வீட்டு அம்மாவை, அந்தப் பெண் கோலம் போடுகிற நேரத்தில், இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்த பிறகு தகவல் கொடுப்பது நல்லது. ராத்திரி சத்தம் கேட்டு, உயிருக்கே ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், 112க்கு அடியுங்கள்.